நனைந்தால் அவல், காய்ந்தால் குருணை

கதிரடிக்கும் மெசின் ஓட்டுகிறவனிடம் ஊரே வந்து பேசும், ஆனால் குறை மட்டும்தான் பேசும் என்பது என்னைப்போலவே மெசினோடு மல்லுக்கட்டிய உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொண்ணூற்றெட்டில் என் மனைவி போய்ச் சேர்ந்தாள். அடிவாரத்து வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், அடுத்த அறுப்புக்கு மெசினைக் கொல்லிமலைக்கு ஏற்றினேன்.

அவல்

மலைமேல் தேவனூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் முதல் களம். முந்தின நாள் மழை. ஒரு நெல்லைக் கடித்தேன். 'கடுக்' என்று உடையாமல் பல்லில் மெத்தென்று அமுங்கியது. காயட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயந்து அடித்துவிட்டேன். பாதி நெல் நசுங்கிப்போனது. வயல்காரர் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"ஏனுங்க, நெல்லடிக்கக் கூப்பிட்டமா, அவலிடிக்கக் கூப்பிட்டமா?"

குருணை

சூடு கண்ட பூனையாகி, அடுத்த களத்தில் நாலு நாள் வெயிலில் போடச் சொன்னேன். இப்போது படபடவென்று தெறித்து, பாதி நெல் உமியை விட்டே வெளியே வந்துவிட்டது, அதுவும் நொய்யாக. அந்த வீட்டம்மா சொன்னதற்குக் களமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆட்களோடு சேர்ந்து சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

"மில்லுக்குப் போற வேலை மிச்சமுங்க. அப்படியே உலையும் வெச்சுக் குடுத்துட்டுப் போங்க."

விதைநெல்

செல்லம்மா ஒண்டியாக ஒரு வயலைப் பார்த்துக்கொண்டவர். விதைக்கு ஒதுக்கிய கட்டுகளை அங்கே மெசினில் விடமாட்டார்கள், கையால் கல்லில்தான் அடிப்பார்கள். அன்று ஆள் வராததால் என்னிடம் தந்து, "பதனமா அடிங்க, இது விதைங்க" என்றார். நன்றாகக் காய்ந்த கதிர். உருளையை மெதுவாக விட்டிருக்க வேண்டும். சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கணும், அவசரமுங்க என்று வேகத்தைக் கூட்டினேன். நெல் முழுசாகத்தான் விழுந்தது.

விதைப்புச் சமயத்தில் மலைக்குப் போன என்னைக் கூப்பிட்டு, ஊறவைத்து முளைகட்டிய சாக்கை அவிழ்த்துக் காட்டினார். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்திருந்தது. ஊறாத நெல் கொஞ்சம் மிச்சமிருந்தது. உரித்துப் பார்த்தேன். உருளை அடித்த வேகத்தில் அரிசியின் குறுக்கே மயிரிழை போல விரிசல். அவரிடம் வேறு விதையில்லை. நாற்றங்கால் உழுது தயாராகக் கிடந்தது. என் தப்புத்தான் என்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"அன்னிக்கு அத்தனை அவசரமா ஓடுனீங்களே, ஊட்டுல யாருங்க உங்களுக்காகக் காத்திருந்தாங்க?"

ஈரநெல் ஏன் நசுங்கும், காய்ந்த நெல் ஏன் விரியும் என்று ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்ன நான், அந்தக் கேள்விக்கு "பஸ் போயிருமேன்னுதானுங்க" என்று மட்டும் சொன்னேன்.