சேதி கொண்டுபோனவன்

இது நடந்தது. தொல்பொருள் ஆய்வாளர் டாக்டர் எவரார்தோ பெரு நாட்டுத் தலைநகர் லீமாவில் வெளியிட்ட நாற்பது பக்க ஆய்வறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே தாராளமாக நம்பலாம். அவர் எழுதியவற்றின் மேல்தான் சந்தேகம் அதிகம்.

"ஐந்நூறு ஆண்டுகளாக மனிதக் காலடி படாத இன்கா நகரம்" என்று குந்துர்பாட்டா இடிபாடுகளைப் பற்றி அவர் எழுதினார். அவரை அங்கே கூட்டிப்போன கோவேறு கழுதைக்காரன் மெலித்தோன் அதற்கு முந்தைய மாதம்தான் காணாமல் போன பசுவைத் தேடி அங்கே போயிருந்தான். இன்கா மன்னன் வீட்டு வாசலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது பசு. டாக்டரிடம் அவன் இதைச் சொல்லவில்லை. கண்டுபிடிக்க வருகிறவர்களின் மனசை எதற்கு நோகடிப்பது?

மெலித்தோனின் மனசு அப்போது சோராபம்பாவில், தன் வீட்டில் இருந்தது. மனைவி சத்துர்நினாவுக்கு நிறைமாதம். ஆறு வருடம் காத்திருந்து வரும் முதல் பிள்ளை. "புதன்கிழமை வந்துடுவேன்" என்று சத்தியம் செய்துவிட்டுக் கிளம்பியிருந்தான். டாக்டரோ கண்ணில் பட்ட ஒவ்வொரு கல்லின் பக்கத்திலும் நின்று படம் எடுத்துக்கொண்டார். கல் சின்னதாகவும் அவர் பெரிதாகவும் தெரியும்வரை எடுத்தார். அதில் இரண்டு நாள் போயிற்று.

திங்கட்கிழமை. பிற்பகல் 2:10. இடிபாடுகளுக்கு இன்னும் ஒன்றரை மணி நேர ஏற்றம். தூறலும் பனிமூட்டமும். முன்னால் போன பெண் கோவேறு கழுதை சட்டென்று நின்றது.

மேலிருந்து ஒருவன் இறங்கி வந்தான்.

அந்த மலைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஏறுகிறவனின் சேதியை இறங்குகிறவன் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். போனும் எடுக்காது, தபாலும் வராது. எதிரே வருகிற ஆள்தான் எல்லாம். மெலித்தோன் முகத்தைக்கூடப் பார்க்காமல், பையிலிருந்து மலை ஏறுகிறவர்கள் மெல்லும் கோக்கா இலையில் ஒரு பிடி எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான்.

"அண்ணே, கீழயா போறீங்க? சோராபம்பாவுல நம்ம வீட்டுல ஒரு சேதி சொல்லணும். பச்சைக் கதவு. சத்துர்நினான்னு கேளுங்க. வர வெள்ளிக்கிழமை ஆயிடும்னு சொல்லிடுங்க."

"சொல்றேன்."

அந்த ஆள் இலையை வாங்காமலே இறங்கிப் போனான். ஒரு சரளைக்கல்கூட உருளவில்லை.

மச்சினன் ருப்பெர்த்தோ பின்னால் இருந்து மெதுவாகக் கேட்டான்.

"மச்சான், மேல எந்த ஊரு இருக்கு?"

மேலே ஊர் இல்லை. இடிபாடுகளோடு பாதை முடிகிறது. அதற்கப்பால் செங்குத்துப் பாறை. அதற்கும் மேலே பனி.

"மாடு மேய்க்கிறவனா இருப்பான்."

"மாடு எங்க?"

மெலித்தோன் கழுதையின் கயிற்றை இழுத்தான். ஒன்றைக் கவனித்திருந்தான், சொல்லவில்லை. தூறலில் எல்லோரும் நனைந்திருந்தார்கள். அந்த ஆளின் போர்வை காய்ந்திருந்தது.

3:05. கழுதை மறுபடி நின்றது. காது இரண்டையும் பின்னால் மடக்கிக்கொண்டது.

மேலிருந்து ஒருவன் இறங்கி வந்தான்.

அதே ஆள். அதே காய்ந்த போர்வை. கீழே போனவன் இவர்களைத் தாண்டி மேலே ஏறவே இல்லை. இருப்பது ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பாதாளம்.

"சொல்லிட்டேன். சூப் குடுத்தாங்க. உப்பு கொஞ்சம் கம்மி."

மெலித்தோனின் வீடு இரண்டு நாள் நடை. சத்துர்நினா உப்புக் குறைவாகத்தான் போடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் வீட்டில் சண்டை.

"அவங்களை மேல வரச் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல மெலித்தோன் வாயைத் திறந்தான். நாக்கு எழவில்லை. தலையை ஆட்டப் பார்த்தான். கழுத்து அசையவில்லை. கையில் கயிறு இருந்தது. விரல்கள் யாருடையவோ போல இருந்தன...

அந்த ஆள் பொறுமையாகக் காத்திருந்தான். பிறகு சம்மதம் கிடைத்துவிட்டதுபோலத் தலையசைத்துவிட்டு இறங்கிப் போனான்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "இது உயரத்தால வர்றது. பிராணவாயுக் குறைவு. மூளை இல்லாததைக் காட்டும். இதைப் பத்தி நானே ஒரு கட்டுரை..."

"மூணு பேர் மூளையும் ஒரே ஆளையா காட்டும், டாக்டரே?" என்றான் ருப்பெர்த்தோ. "அதுவும் உப்புக் கணக்கோட?"

டாக்டர் கட்டுரையை அதோடு நிறுத்திக்கொண்டார்.

3:50. இடிபாடுகளின் முதல் சுவர். பனிமூட்டத்தில் பாதிதான் தெரிந்தது. ஐந்நூறு ஆண்டு மௌனத்தைப் பற்றி அங்கே நின்று பேசுவதற்காக டாக்டர் லீமாவிலேயே ஓர் உரை தயாரித்து வைத்திருந்தார். பேசவில்லை. கழுதையின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இந்த முறை ஆள் தெரியவில்லை.

சுவருக்கு மேலிருந்து குரல் மட்டும்.

"அனுப்பறேன்னு சொல்லிட்டாங்க."

"யாரை?" என்று கத்தினான் மெலித்தோன். இப்போது குரல் வந்தது. "யாரை அனுப்பறா?"

காற்று...

மெலித்தோன் கயிற்றைப் போட்டுவிட்டு வீட்டை நோக்கி ஓடினான்.

இரண்டு நாள் வழி. உட்காரவில்லை, சாப்பிடவில்லை. விழுந்தான், எழுந்தான். பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் நிறைவயிற்றோடு அவள் ஏறி வருவாளோ என்று பார்த்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டான். மலை அவன் குரலையே திருப்பித் தந்தது.

செவ்வாய் மதியம் 12:30. பச்சைக் கதவு திறந்திருந்தது.

சத்துர்நினா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவன் நிலைப்படியில் அப்படியே சரிந்து உட்கார்ந்து அழுதான்.

"என்ன கோலம் இது? வெள்ளிக்கிழமைன்னு சொல்லி அனுப்பிட்டு இன்னிக்கே வந்து நிக்கிற? டாக்டர் விரட்டிட்டாரா?"

"ஆள்... வந்தானா?"

"வந்தானே. நேத்து மத்தியானம். ரேடியோவில ரெண்டு மணி செய்தி அப்பதான் முடிஞ்சுது. சூப் குடுத்தேன். கொஞ்ச நேரத்துல மறுபடி வந்தான்."

"மேலேருந்தா?"

"இல்லையே. ரெண்டு தடவையும் கீழேருந்துதான் வந்தான். மலை ஏறிப் போறவன் மாதிரி."

கிழங்குத் தோலை ஒதுக்கிவிட்டு அவளே தொடர்ந்தாள். "நீ என்னை மேல வரச் சொன்னதா சொன்னான். புத்தி இருக்கா உனக்கு? இந்த வயித்தோட ஏற முடியுமா? அதுக்காக, நம்ம சூப்பைக் குடிச்ச மனுஷன்கிட்ட முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்லவும் ஒரு மாதிரியா இருந்துச்சு."

"என்ன சொன்ன?"

"சும்மா ஒரு பேச்சுக்குத்தான். பிள்ளை பொறந்து நடக்க ஆரம்பிக்கட்டும், நானே அதை அனுப்பி வைக்கிறேன்னேன்."

மெலித்தோன் எழுந்து பச்சைக் கதவைச் சாத்தித் தாழிட்டான்.

"நல்ல மனுஷன். ஆகட்டும், காத்திருக்கேன்னு சொல்லிட்டுப் போனான்."

வெள்ளிக்கிழமை பெண் குழந்தை பிறந்தது. ஒபேலியா என்று பெயர் வைத்தார்கள்.

மெலித்தோன் கழுதையை விற்றுவிட்டான். பள்ளத்தாக்கின் அடியில், மலை கண்ணில் படாத ஒரு தெருவில் குடியேறினான். எந்நேரமும் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டே திரிந்தான். "இளவரசி கால் தரையில படாதோ?" என்று தெருவே கேலி செய்தது. மற்ற தகப்பன்கள் பிள்ளையின் கையைப் பிடித்து நடை பழக்கினார்கள். ஒபேலியா எழுந்து நிற்கப் பார்த்தபோதெல்லாம் இவன் உட்கார வைத்தான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று அவனுக்கே தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை. காலை 11:20. பானை பொங்கியது. சத்துர்நினா ஒரு நிமிடம் குழந்தையைக் கீழே விட்டாள். மெலித்தோன் கொல்லையிலிருந்து உள்ளே வந்தான்.

ஒபேலியா சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள்.

அவன் ஓடினான். நான்கே எட்டு தூரம்.

அதற்குள் சுவரை விட்டாள்.

ஒரு அடி... இரண்டு... மூன்று... வாசலை நோக்கி.

வலது கையை மட்டும் உயரத் தூக்கியிருந்தாள். பக்கத்தில் நடக்கும் பெரியவரின் விரலைப் பிடித்துக்கொண்டு நடக்கும் குழந்தைகள் தூக்குவார்களே, அப்படி.