ஏழை என்று எழுதி வாங்கப் போனது

பள்ளி இறுதித் தேர்வில் தேறியதும், திருநெல்வேலியில் கல்லூரியில் சேர எனக்கு, ஏழைப் பிள்ளைகள் படிக்க சர்க்கார் தரும் உபகாரச் சம்பளம் ஒன்றே வழி. அப்படி ஒன்று இருப்பதே எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. தென்காசி தாலுகா கச்சேரியில் மூன்று நாள் கால்கடுக்க நின்று நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் ஏழை என்று தாசில்தார் எழுதிக் கையெழுத்திட வேண்டுமாம். அவரோ சாரல் காலம் என்று குற்றாலத்து பங்களாவில் முகாம் போட்டிருந்தார்.

“பெரிய மனுசங்க முன்னால கந்தலோடயா போய் நிப்பே?” என்று அம்மா, எதிர்வீட்டு மாப்பிள்ளையின் கல்யாண வேட்டியை இரவல் வாங்கிக் கட்டிவிட்டாள். அதில் சேறு படாமல் மூன்று மைல் நடந்தேன்.

அருவியில் குளித்துவிட்டு சாய்வு நாற்காலியில் கிடந்த தாசில்தார் என் முகத்தைப் பார்க்கவில்லை, வேட்டியைத்தான் பார்த்தார்.

“நாலு விரற்கடை சரிகை கட்டுதவன் ஏழையா?”

இரவல் என்றேன்.

“வாரவன் எல்லாம் அதைத்தான் சொல்லுதான்” என்று மனுவை என்னிடமே நீட்டினார்.

திரும்பும் வழியெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழை என்று நிரூபிக்கச் சரிகை கட்டிப் போன முட்டாள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்! மனு கொடுக்க மறுநாளே கடைசி நாள். விடிந்ததும், முழங்காலில் கிழிந்த என் சொந்த வேட்டியோடு மறுபடி நடந்தேன்.

முந்தின நாள் கும்பிட்டுக் கதவைத் திறந்துவிட்ட அதே சேவகன், பங்களா வாசலில் கம்பை நீட்டி மறித்தான்.

“ஏலே, இங்கன நிக்காதே. கோயில் வாசல்ல போய் உக்காரு, ஏதாவது போடுவாங்க.”