தட்டில் ஒரு பச்சை வளையம்

உடம்புக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை வெளியே வரவழைத்து, தீனி போட்டு வளர்த்து, அது யாரென்று சொல்வதுதான் எங்கள் தொழில். எண்பதுகளில் அருப்புக்கோட்டையில் ஒரு சிறிய மருத்துவமனைச் சோதனைக்கூடத்தில் அதைச் செய்துகொண்டிருந்தேன். கரண்டு போனதும், கிருமி வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டிக்குச் சூடு ஆறாமல் போர்வை போர்த்தியவர் யாராவது இதைப் படித்தால், அவர் என் சொந்தக்காரர்.

மாத்திரையை நிறுத்து

ராஜம்மாளுக்கு மாதக்கணக்கில் காய்ச்சல். கணவர் நாராயணன் தறி நெய்பவர். இவள் அறுந்த இழைகளைப் பல்லால் கடித்து முடிச்சுப் போடுவாள். சின்ன வயதில் வந்த தொண்டைப் புண் மூட்டுகளை வீங்க வைத்து, இதயத்தின் ஒரு வால்வில் தழும்பை விட்டுப் போயிருந்தது. இப்போது அந்தத் தழும்பில் வேறொரு கிருமி குடியேறியிருக்கிறது என்று எங்கள் டாக்டரம்மா சந்தேகப்பட்டார். எதுவென்று தெரிவதற்குள் வால்வு அரித்துப்போனால் ஆள் பிழைக்கமாட்டாள்.

அவள் ரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்த்ததில் எதுவும் முளைக்கவில்லை. காய்ச்சல் கண்டபோதெல்லாம் மருந்துக்கடையில் வாங்கி விழுங்கிய மாத்திரை கிருமியை மயக்கிப் போட்டிருந்தது, கொல்லவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுக் காய்ச்சல் திரும்பக் காத்திருப்போம் என்றார் டாக்டரம்மா. ராஜம்மாள் சரியென்று தலையசைத்தாள். நாராயணன்தான் என்னைப் பிடித்துக்கொண்டார்: "காய்ச்சலப் போக்கத்தான் ஆஸ்பத்திரின்னு நெனச்சேன். நீங்க வெத்தல பாக்கு வச்சுல்ல கூப்புடுறீக!"

செம்மறி

கிருமிக்குத் தீனி ஆட்டு ரத்தம். கறிக்கடை ரத்தம் நம் கைக்கு வருமுன் ஊர்க் கிருமியெல்லாம் அதில் பந்தி போட்டுவிடும். திருச்சுழி சாலையில் கிடை போட்டிருந்த ஆட்டுக்காரர் கருப்பையாவிடம் போனேன். ஒரு செம்மறியின் கழுத்து நரம்பிலிருந்து ஊசியால் கொஞ்சம் எடுத்து, கண்ணாடி மணிகள் போட்ட குடுவையில் விட்டு, உறையாதபடி அங்கேயே நின்று குலுக்கினேன். ஆடு உதறிக்கொண்டு மேயப் போனது. கருப்பையா சொன்னார்: "ரத்தத்த எடுத்துட்டு ஆட்ட உசுரோட விட்டுட்டீக. இதே மாதிரி கறிய எடுக்க ஒரு வழி கண்டுபுடிச்சுட்டு வாங்கய்யா."

மெழுகுவர்த்தி

காய்ச்சல் வந்தது. ராஜம்மாள் பல் கிட்டிக்க நடுங்கியபடியே கையை நீட்டினாள். அந்த ரத்தத்தை விட்ட சத்துநீர்ப் புட்டி கிருமி பெருகிக் கலங்கியதும், அதில் ஒரு துளியை எடுத்து, கடற்பாசிக் கூழில் ஆட்டு ரத்தம் கலந்து உறையவைத்த தட்டில் தேய்த்தேன். தட்டில் அவள் பெயரை எழுதி, கண்ணாடி ஜாடிக்குள் வைத்து, பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி இறுக மூடினேன். சுடர் விடும் கரியமில வாயு இந்த வகைக் கிருமிக்குப் பிடிக்கும். உள்ளே காற்று கெட்டதும் சுடர் தானே அணையும்.

அது அணைவதை வாசலிலிருந்து நாராயணன் பார்த்துவிட்டார். நேரே வார்டுக்குப் போய்த் துணிமணியை மூட்டை கட்டத் தொடங்கினார். "அவ பேருக்கு வச்ச வெளக்கு அணைஞ்சுபோச்சு. இனி இங்க என்ன இருக்கு?"

மருந்தே தொடங்கவில்லை. இப்போது கிளம்பினால் கதை முடிந்தது. இன்னொரு ஜாடியைக் கொண்டுவந்து, காலித் தட்டில் என் பெயரை எழுதி, அவர் முன்னாலேயே மெழுகுவர்த்தி ஏற்றி மூடினேன். அதுவும் அணைந்தது. நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். நாராயணன் ஜாடியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். மூட்டையைக் கீழே வைத்தார். "அப்ப வெளக்கு அவளுக்கு இல்ல, கிருமிக்கா? நல்ல மரியாததான் பண்றீக!"

கஞ்சி

தட்டில் கிருமி பொடிப்பொடியாக முளைத்திருந்தது, ஒவ்வொன்றைச் சுற்றியும் பச்சை வளையம். தொண்டைப் புண் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ரத்த அணுக்களை நச்சால் முழுக்கக் கரைத்து, கழுவின கண்ணாடிபோல் வளையம் விடும். இது அதன் சாதுவான பங்காளி. எல்லோர் வாயிலும் குடியிருக்கும், ரத்தத்தைப் பச்சையாக்குவதோடு நிறுத்திக்கொள்ளும். பெரிய விஷம் கிடையாது. சர்க்கரையிலிருந்து பசை செய்து பல்லில் ஒட்டத் தெரியும், அவ்வளவே. சொத்தைப் பல் வழியாக ரத்தத்தில் இறங்கினால், தழும்பு விழுந்த வால்விலும் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

வாரக்கணக்கில் பெனிசிலின் ஊசி. நாலைந்து நாளில் காய்ச்சல் விட்டதுமே ராஜம்மாள் வீட்டுக்குப் போகவேண்டும் என்றாள். பசைக்குள் இருப்பது இன்னும் சாகவில்லை என்று நான் விளக்கப்போனேன். நாராயணன் குறுக்கே வந்தார். "நீங்க இருங்க, நான் சொல்றேன். ஏய், கஞ்சி ஏத்துன பாவு நூலத் தண்ணியில ஒரு முக்கு முக்குனா கஞ்சி போயிருமாடி? ஊறணும். பேசாமக் கெட."

வெறும் தட்டு

ஊறினாள். மறுபடி கிருமி ரத்தத்தில் இறங்கிவிடாதபடி, ஊசிக் காவலிலேயே சொத்தைப் பல்லையும் பிடுங்கினார்கள். எல்லாம் முடிந்து மறுபடி எடுத்த ரத்தத்தைச் சோதித்ததில், தட்டு ஒரு வளையமும் இல்லாமல் செக்கச்செவேலென்று அப்படியே இருந்தது. அதை வார்டுக்கு எடுத்துப்போய் அவளிடம் காட்டினேன். பல் பிடுங்கிய ஓட்டை தெரிய உற்றுப் பார்த்தாள். "இம்புட்டு ஊசி குத்தியும் ஒண்ணுகூட மொளைக்கலையா? பெறகு எதுக்குய்யா இந்தச் சிரிப்பு?"

விதைத்தது முளைக்கவில்லை என்று இந்த மானாவாரிச் சீமையில் சிரித்துக்கொண்டு போன ஆட்கள் நானும் டாக்டரம்மாவும் மட்டுமாகத்தான் இருக்கும்.