டேங்கருக்கு முன்னால் உட்கார்ந்த தாரா

தாராவின் வலதுகை விரல்களில் சின்னச் சின்னக் குழிகள் உண்டு. பெங்களூரில் ஒரு முலாம் பூசும் பட்டறையில் ஒன்பது வருடம் குரோம் தொட்டியருகே நின்றதில் வந்தவை. கையுறையில் ஓட்டை விழுந்தாலும் வேறு உறை கேட்கத் தயங்கிய நாட்கள் அவை. கேஜிஎஃப் தங்கவயலின் பாலகாட்டுப் பகுதியில், சுரங்கத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய பழைய லைன் வீடுகளில் ஒன்றில் அவள் குடியிருந்தாள். விடியுமுன் கிளம்பி ரயிலைப் பிடித்தால், வீடு திரும்ப இருட்டிவிடும். கணவர் சித்தார்த்தன் ஆட்டோ ஓட்டினார்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு ஆனி ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள்.

"இன்னா தாரா, போர் தண்ணி இப்டி வருது? ரெண்டு வாரமா துணி தொவச்சா கை எரியுது."

தண்ணீர் எலுமிச்சை மஞ்சளாக இருந்தது. அந்த நிறம் தாராவுக்குத் தெரியும். குரோம் தொட்டியருகே கழுவும் நீரில் வாரத்தில் ஆறு நாள் பார்க்கிற நிறம்.

"இதுல கைய வெக்காதக்கா. புள்ளைங்களுக்கு ஒரு சொட்டு குடுக்காத."

லைனுக்கு மேற்கே மூடிக் கிடந்த ஒரு சுரங்கக் குழி இருந்தது, ஷாஃப்ட் என்பார்கள். அதன் வாயை மூடியிருந்த சிமெண்டுப் பலகை ஒரு மூலையில் உடைந்திருந்தது. தாரா போய்ப் பார்த்தாள். உடைந்த விளிம்பில் அதே மஞ்சள் காய்ந்திருந்தது. டயர் தடம் புதியது.

அடுத்த ஞாயிறு அவள் அங்கேயே காத்திருந்தாள். பதினோரு மணிக்கு வந்தது அவளுடைய பட்டறை டேங்கர்தான். பின்பக்கம் நசுங்கிய நீல வண்டி. சனிக்கிழமை சாயங்காலம் அவள் கண் முன்னால் கேட்டைத் தாண்டிப் போன வண்டி. படம் எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் கௌதமிடம் கேட்டாள். அவனும் கேஜிஎஃப்காரன்தான், அதே ரயிலில் வருகிறவன்.

"சுத்திகரிப்புக்குப் போகுதுன்னு பேப்பர் கீதுக்கா. உனுக்கு எதுக்கு அது? லைன் லீடர் போஸ்ட்டுக்கு உன் பேரத்தான் எழுதிக்கிறேன்."

"என் பேர அடிச்சிடு கௌதம். எங்க ஊட்டு லைன்ல கொட்றத நிறுத்து."

அவன் தலை குனிந்துகொண்டான். அன்றே அவளைத் தொட்டியிலிருந்து எடுத்துத் தரை கழுவ விட்டார்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் படங்களோடு போனாள். அந்த அம்மாள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நீங்க பிடிச்சுட்டு வர்ற தண்ணி கோர்ட்டுல நிக்காது. வண்டி அங்க நிக்கும்போது நாங்களே எடுக்கணும். வந்தா போன் பண்ணுங்க, வரேன்" என்று தன் எண்ணைக் கொடுத்தார்.

மூன்றாவது ஞாயிறு டேங்கர் திரும்பும் இடத்தில் சித்தார்த்தன் ஆட்டோவைக் குறுக்கே நிறுத்தினார். தாரா அதிகாரிக்குப் போன் போட்டுவிட்டு, வண்டியின் முன்சக்கரத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஆனி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு லைனே வந்தது. ஓட்டுநர் வெளியூர்க்காரர், பயந்துபோனார்.

"உங்கள ஒண்ணும் பண்ண மாட்டோம். எறங்கி வந்து டீ குடிங்க. ஆபீசர் வர்ற வரைக்கும் வண்டி நவுராது" என்றாள் தாரா.

அதிகாரி வருமுன்பே பட்டறை ஆட்கள் ஒரு காரில் வந்தார்கள். கௌதமும் இருந்தான். கூட வந்தவன் ஓட்டுநரிடம், "வண்டிய எடு, தானா எந்திரிப்பாங்க" என்றான். ஓட்டுநர் எஞ்சினைப் போட்டார். வெப்பக்காற்று தாராவின் முகத்தில் அடித்தது. அவள் எழவில்லை.

"ஒன்பது வருசம் சோறு போட்ட கம்பெனிக்கா" என்றான் கௌதம்.

"வேல செஞ்சேன், துன்னேன். எங்க தண்ணியில ஊத்தறதுக்கு நான் எப்போ கையெழுத்து போட்டேன்?"

ஓட்டுநர் எஞ்சினை அணைத்துச் சாவியை ஆனியின் கையில் கொடுத்தார். ஒரு மணி நேரம் கழித்து வந்த அதிகாரி டேங்கரிலும் ஷாஃப்ட் வாயிலும் போரிலும் தண்ணீர் எடுத்து, எல்லோர் எதிரிலும் அரக்கு முத்திரை வைத்தார்.

மறுநாளே தாராவுக்கு வேலை போயிற்று. பத்து நாளில் பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். அவளோடு தொட்டியில் நின்ற ஸ்வப்னா ரயில் நிலையத்தில் எல்லோரும் கேட்கக் கத்தினாள்: "உன் தண்ணிக்கோசரம் எங்க அடுப்ப அணச்சிட்டியே."

அன்று தாரா வீட்டுக்கு வந்து அழுதாள். ஆனால் புகாரைத் திரும்பப் பெறச் சொல்லி வந்தவர்களை வாசலோடு அனுப்பினாள். நாலு மாதத்தில் கழிவைச் சுத்தம் செய்யும் இயந்திரம் வைத்த பிறகே பட்டறை திறந்தது. ஸ்வப்னாவை எடுத்துக்கொண்டார்கள், தாராவை எடுக்கவில்லை. இப்போது அவள் ஒரு தையல் ஆலைக்குப் போகிறாள். ஷாஃப்ட் வாயைப் புதிதாக அடைத்தாயிற்று. ஆனியின் போர் தண்ணீர் இன்னும் மஞ்சள்தான். லைனுக்கு லாரித் தண்ணீர் வருகிறது.

வழக்கு நடக்கிறது. போன விசாரணையில் பட்டறையின் வக்கீல் எழுந்து, "ஒன்பது வருஷம் அந்தத் தொட்டியில வேல செஞ்சது நீங்கதானே? அந்தக் கழிவுல உங்களுக்கும் பங்கு உண்டே?" என்றார்.

"உண்டு. எழுதிக்குங்க" என்றாள் தாரா. "அத எங்க கொட்டச் சொன்னது யாருன்னும் சேத்து எழுதிக்குங்க. அதச் சொல்லத்தான் நான் லீவு போட்டு வந்துகீறேன்."