சட்டத்தின் ஓரத்தில் ஒரு பொட்டு

அந்த அம்மாவிடம் அன்றே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மறைந்த எங்கள் ஊர் ஓவியரின் நினைவுக் கண்காட்சி கொடைக்கானலில் நடந்தது. கைக்குழந்தையோடு போயிருந்தேன். கூடத்தைப் பெருக்கும் அம்மா, பக்கத்து மலைக்கிராமமான பேத்துப்பாறையைச் சேர்ந்தவர், ஆண்கள் ஸ்வெட்டரும் தலையில் துண்டுமாக ஒரு படத்தின் முன் நின்றார். அதில் கேரட் மூட்டைகளுக்கு நடுவே ஒரு சிறுமி தூங்கினாள்.

“எம் பொண்ணுங்க. தோட்டத்துல ஐயா வரஞ்சது. காய்ச்சல்ல போயிட்டா, வேற போட்டோ கெடையாது. தினம் வெள்ளனே இவளப் பாத்துட்டுத்தான் வெளக்குமாத்தையே எடுப்பேன்,” என்றார். சட்டத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த சிவப்பு வட்டத்தைக் காட்டிச் சிரித்தார். “யாரோ பொட்டு வச்சிருக்காங்க பாருங்க. நெத்தியில வைக்கத் தெரியல.”

விற்றுப்போன படத்துக்குத்தான் அப்படி ஒட்டுவார்கள். என் மகளை இறுக்கிக்கொண்டு, “நல்லா இருக்குங்க,” என்றேன். படம் எடுக்கக் கூடாது என்று பலகை இருந்ததால் ஃபோனையும் தொடவில்லை.

மறுவாரம் அந்தச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அதன் கீழே பெருக்கிக்கொண்டிருந்தவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

படத்தை வாங்கியவரைத் தேடிப்பிடித்து ஒரு பிரதி கேட்கலாமா? முதலில் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.