திறக்க மறுத்த வால்வு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். தண்ணீர்க்காரனுக்குக் குழாய் தெரியும், வால்வு தெரியும், மற்றதெல்லாம் வேலையற்றவர்கள் பேச்சு என்றுதான் இருந்தேன். நீங்களும் எழுந்து போகலாம், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுப் போங்கள்.

தெற்கு டெல்லியில் அரசு ஊழியர்கள் குடியிருக்கும் ஒரு காலனிக்குக் காலையும் மாலையும் தண்ணீர் திறந்துவிடுவது என் வேலை. பதினோரு வருஷமாக. அதற்கு ஒரு முறை உண்டு. நீளச் சாவி போட்டு வால்வை ஒரு சுற்று மட்டும் திருப்பி, முதல் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட வேண்டும். மஞ்சளானால் குளோரின் இருக்கிறது, முழுக்கத் திறக்கலாம். என் தண்ணீரைக் குடித்து ஒரு பிள்ளைக்கும் வயிறு கலங்கியதில்லை. பெருமைதான், ஏன் சொல்லக் கூடாது?

போன ஜனவரியில் ஒரு நாள், பனிமூட்டத்தில், டெல்லியின் அந்தக் கோடியில் துவாரகாவில் இருக்கும் என் வீட்டிலிருந்து பைக்கை உருட்டாத குறையாக வந்து சேர்ந்தபோது முக்கால் மணி நேரம் தாமதம். முதல் வீட்டுக் கலா அக்கா காலி வாளியோடு வாசலில் நின்றார்.

"என்ன முருகேசு, மாமியா வீட்டு விருந்தா? எம் பொண்ணுக்கு ஸ்கூல் பஸ் வந்துரும், ஜல்தி தொறப்பா!"

"இதோ ஆச்சுக்கா!"

அவசரத்தில், இன்று ஒரு நாள் சோதனை இல்லாவிட்டால் என்ன என்று நினைத்துவிட்டேன். நேராக முழுக்கத் திறக்கப் போனேன். ஒரு சுற்று வந்தது, நின்றுவிட்டது. யாரோ அடியிலிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி. என்னோடு வேலை செய்யும் ராம்பால் பையா சாவியைப் பிடித்துத் தொங்கினார், பால்காரர் தொங்கினார், மாடிவீட்டு ஆட்கள் நாலு பேர் தொங்கினார்கள், அசையவில்லை. நம்புவீர்களோ மாட்டீர்களோ, மூடுகிற பக்கம் மட்டும் ஒற்றை விரலுக்கு வழுக்கிக்கொண்டு வந்தது.

"ஆஜ் இஸ்கா மூட் நஹி ஹை, பாய்" என்றார் பையா, வால்வுக்கு இன்றைக்கு மூட் சரியில்லையாம். எல்லோரும் சிரித்தார்கள்.

வேறு வழி தெரியாமல், அந்த ஒரு சுற்றில் வந்த தண்ணீரைக் கலா அக்கா வீட்டில் பிடித்துச் சொட்டு விட்டேன். நிறம் மாறவே இல்லை. முகர்ந்தேன், சாக்கடை நாற்றம்.

"யாரும் குடிக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடி வால்வை மூடினேன்.

முந்தின இரவு கேபிளுக்குத் தோண்டிய யாரோ குழாயை உடைத்து, மண்ணைத் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்திலேயே சாக்கடை. நான் முழுக்கத் திறந்திருந்தால் அத்தனை பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலிலும் அதுதான் போயிருக்கும். டேங்கர் வரவழைத்தோம். குழாயை மாற்றி, பிளீச்சிங் போட்டுக் கழுவி, சாயங்காலம் மூன்றாம் முறை சொட்டு விட்டபோது எலுமிச்சை மஞ்சள். போய்ச் சாவியைத் தொட்டதுதான் தெரியும், வால்வு முழுக்கத் திறந்துகொண்டது.

"காலைல பேசினத மனசுல வெச்சுக்காத முருகேசு" என்றார் கலா அக்கா. "நீ இல்லன்னா எம் பொண்ணு ஆஸ்பத்திரில கெடந்திருப்பா." நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். முழு உண்மையை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் அந்தப் பழைய வால்வைக் கழற்றினோம். பிரித்துப் பார்த்த பையா என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். நாங்கள் சாவி போட்டுத் திருப்புகிற தண்டு உள்ளே இரண்டாக முறிந்து கிடந்தது. தண்ணீரை அடைக்கும் கதவுக்கும் அதற்கும் ஒட்டே இல்லை. முறிந்த இடத்தில் கறுத்துத் தடித்த துரு, பல வருஷத்துத் துரு.

அப்படியானால் இத்தனை நாளும் நான் மேலே திருப்பத் திருப்ப, கீழே திறந்து மூடியது எது?