சீனாக்கார அத்தை

சந்திரகலா என்ற பெயர் அவளுக்குக் கணவன் வைத்தது. ரங்கூனில் அவள் மா தீன். அறுபத்து நான்கில் பர்மாவிலிருந்து தமிழர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறியபோது, இராமலிங்கத்தின் மனைவியாக அவளும் ஏறினாள். துறைமுகத்தில் நகைகளைக் கழற்றி வாங்கிக்கொண்டவர்கள், பெட்டியில் இருந்த வட்டக் கல்லையும் சில மரத்துண்டுகளையும் ஒன்றுக்கும் ஆகாதவை என்று விட்டுவிட்டார்கள். தனக்கா மரம் அது. பட்டையைத் தண்ணீர் விட்டு, சந்தனம்போல இழைத்துப் பூசினால் வெயிலுக்குக் குளிர்ச்சி.

கும்மிடிப்பூண்டியில் இராமலிங்கத்துக்கு அரிசி ஆலையில் வேலை கிடைத்தது. ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடித்தனங்கள். சீனாவோடு சண்டை முடிந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. சப்பை மூக்கும் சின்னக் கண்ணும் உள்ளவள் எந்த ஊர்க்காரியாக இருந்தால் என்ன, அங்கே அவள் சீனாக்காரிதான்.

“இன்னா சீனாக்காரி, இன்னிக்கு பாம்புக் கொழம்பா?” என்பாள் கிணற்றடியில் எல்லம்மா, பக்கத்து வீட்டுக்காரி. எல்லோரும் சிரிப்பார்கள்.

“தமாசுக்குக் கேக்கறாங்க. நீயும் சிரிச்சுக்கினு வந்துடு,” என்றான் இராமலிங்கம். அதையே பிடித்துக்கொண்டாள். பயம் வந்தால் சிரித்துவிடுவாள்.

அந்தச் சித்திரையில் பிள்ளை பிடிக்கிறவர்கள் திரிவதாக ஊரெல்லாம் பேச்சு. எல்லம்மாவின் சின்ன மகள் செல்வி, உடம்பெல்லாம் வேர்க்குருவோடு சொறிந்துகொண்டே சந்திரகலாவின் வாசலுக்கு வந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. உள்ளே கூப்பிட்டு, கல்லில் பட்டையை இழைத்துக் கழுத்திலும் முதுகிலும் தடவினாள். கன்னங்களில், தன் ஊர்க் குழந்தைகளுக்கு இடுவதுபோல வட்டமாக இட்டாள். குளிர்ச்சியில் குழந்தை பாயிலேயே தூங்கிப்போயிற்று. வெயில் படாமலிருக்கக் கதவைச் சாத்தினாள்.

சாத்தியதுதான் வினை.

“செல்வி! ஏ செல்வி!” என்ற குரல் முற்றத்தைச் சுற்றிவந்தது. பிறகு பல குரல்கள். கதவு உதைபட்டது. திறந்தாள். எல்லம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த எதிர்வீட்டு மணியம்மாள், “ஐயோ, மூஞ்சில இன்னாமோ பூசிக் கெடத்தி வச்சிக்கீறாடி!” என்று அலறினாள்.

சந்திரகலா வாயைத் திறந்தாள். வேர்க்குரு என்ற சொல் தமிழில் வரவில்லை. பர்மியச் சொல்தான் நாக்கில் நின்றது. அதை வெளியே விட்டால் மந்திரம் என்பார்கள். சிரித்தாள்.

“சிரிக்கிறா பாரு! கொயந்தய மயக்கிட்டு சிரிக்கிறா!”

ஒருவன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தான். அப்போதும் சிரிப்பு நிற்கவில்லை.

சத்தத்தில் செல்வி எழுந்து உட்கார்ந்தாள். எல்லம்மா முந்தானையால் அவள் கன்னத்தைத் தேய்க்கப் போக, செல்வி கையைத் தட்டிவிட்டாள். “வாணாம்மா. ஜில்லுனு கீது. அரிக்கல.”

கொண்டையைப் பிடித்த கை நழுவியது. எல்லம்மா மகளின் முதுகை மோந்து பார்த்தாள்.

“வேர்க்குருவுக்கா? வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாடி? சரி வுடு, ஏதோ தமாசு. மனசுல வச்சிக்காத.”

“சீனா வைத்தியம்டா!” என்றான் கொண்டையைப் பிடித்தவன். சிரித்துக்கொண்டே கலைந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் சின்னக் கை ஒன்று கதவைத் தட்டியது.

“சீனா அத்தே! அரிக்குது. பூசு.”

சந்திரகலா கல்லை எடுக்கப் பாதி எழுந்தாள். முற்றத்தில் யாரோ கனைத்தார்கள். அப்படியே உட்கார்ந்தாள். எங்கே சிரித்துவிடுவோமோ என்று புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, தட்டல் ஓயும்வரை தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.